அப்பன் மலை, ஆத்தா பள்ளத்தாக்கு

ஓவியக் கல்லூரியில் முதல் வருஷம் படித்தபோது எங்களை ஒரு நாள் ஊருக்கு வெளியே ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனார்கள். 'இயற்கையைப் பார்த்து வரைதல்' பாடம். நீர்வண்ணம். கரைக்குக் கீழே கழனியில் நடவு நடந்துகொண்டிருந்தது. பத்துப் பதினைந்து பெண்கள், குனிந்த முதுகுகள், முட்டிக்கு மேலே தூக்கிச் செருகிய சேலைகள். நான் அதைத்தான் வரைந்தேன். அந்த வரிசையில் எங்க அம்மா இல்லையே தவிர, இருந்த எல்லாருமே எங்க அம்மாதான். ஆசிரியர் வந்து நின்று பார்த்தார். "கலர் நல்லா வந்திருக்கு. இந்தப் பொம்பளைங்கள மட்டும் எடுத்துடு. லேண்ட்ஸ்கேப்னா கண்ணுக்கு அமைதியா இருக்கணும்" என்றார். எடுத்தேன். நீர்வண்ணத்தில் ஆளை எடுப்பது சுலபமில்லை. ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுக்கணும். எடுத்த இடத்தில் தாள் நைந்து ஓர் அழுக்கு நிற்கும். அந்த அழுக்கோடுதான் மதிப்பெண் வாங்கினேன்.

வீட்டில் சொன்னபோது அம்மா கேட்டது: "நாங்க குனியலன்னா அந்தப் பச்சை எங்கேருந்துடா வந்துச்சு? உங்க வாத்தியாரு நட்டாரா?"

பல வருஷம் கழித்து ஆல்பர்ட் நமட்ஜிராவின் படங்களை ஒரு புத்தகத்தில் பார்த்தேன். முதலில் எனக்கு வந்தது எரிச்சல்தான். ஆஸ்திரேலியாவின் நடு வயிற்றில், பாலைவனத்தில், அரெண்டா இனத்தில் பிறந்த ஓர் ஆதிவாசி. வெள்ளைக்காரன் எழுதிவைத்த சட்டத்தில் மனுஷக் கணக்கில் வராதவர். அப்படிப்பட்டவர் வரைந்த படங்கள் எப்படி இருக்கும் என்று என் மனசுக்குள் ஒரு கற்பனை இருந்தது. புத்தகத்தைத் திறந்தால் சிவப்பு மலை, ஊதா நிழல், வெள்ளை மரம், நீல வானம். ஆளே இல்லை. பக்கத்துக்குப் பக்கம் புரட்டினேன். பெரும்பாலும் எங்கேயும் ஆளில்லை. இவரிடமும் எவனோ வந்து "ஆளை எடுத்துடு" என்று சொல்லியிருப்பானோ?

இந்தக் கட்டுரை அந்த எரிச்சலிலிருந்து நான் எப்படி வெளியே வந்தேன், எந்த அளவுக்கு இன்னும் வெளியே வரவில்லை என்பதைப் பற்றியது. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் அசல் படங்களைப் பார்த்ததில்லை, அச்சில் பார்த்ததுதான்.

நமட்ஜிரா 1902இல் ஹெர்மன்ஸ்பர்க் என்ற லுத்தரன் மிஷனில் பிறந்தார். 1877இல் ஜெர்மன் பாதிரிகள் தொடங்கிய மிஷன் அது. தங்கள் ஊர்ப் பெயரையே அந்த மண்ணுக்கு வைத்தார்கள். அந்த இடத்துக்கு ஏற்கெனவே ந்தாரியா என்று ஒரு பெயர் இருந்தது. லுத்தரன் மிஷன் என்றால் என்ன, அது எதைக் கொடுக்கும், எதை எடுத்துக்கொள்ளும் என்று தரங்கம்பாடி தொடங்கி நம் ஆட்களுக்கும் தெரியும். பிறந்தபோது வைத்த பெயர் எலியா. அப்பாவும் அம்மாவும் கிறித்தவத்துக்கு வந்தபோது ஞானஸ்நானத்தில் ஆல்பர்ட் ஆனார். மிஷன் பள்ளிக்கூடத்தில் பாடம் படித்தார். பதின்மூன்று வயதில் ஆறு மாசம் காட்டில் இருந்து, தன் இனத்துப் பெரியவர்களிடம் தீட்சையும் வாங்கினார். ஒரு ஆளுக்கு இரண்டு படிப்பு. விமர்சகர்கள் பெரும்பாலும் முதல் படிப்பைத்தான் பார்த்தார்கள்.

பதினெட்டு வயதில் ரூபினாவைக் கல்யாணம் செய்துகொண்டார். அது அரெண்டாக்களின் உறவுமுறை விதிக்கு ஒவ்வாத கல்யாணம் என்பதால் மிஷனை விட்டே சில வருஷம் விலகி இருக்க வேண்டியதாயிற்று. அப்போது ஒட்டகம் ஓட்டினார். தச்சு வேலை, கொல்லு வேலை, மாடு மேய்க்கிற வேலை, எல்லாம் செய்தவர்தான். ஒட்டகத்தோடு நடந்து நடந்து பார்த்த மலைகளைத்தான் பிறகு வரைந்தார். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஓர் ஓவியனின் படைப்பு முறை என்று பேச ஆரம்பித்தால் எல்லாரும் தூரிகையிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். இவர் விஷயத்தில் பாதத்திலிருந்து ஆரம்பிக்கணும். கூலிக்கு நடந்த கால்தான் முதலில் அந்த மலையைப் படித்தது.

1920களின் இறுதியில் அங்கே கொடிய வறட்சி. மிஷனில் பல குழந்தைகள் செத்துப்போயின. மெல்போர்னிலிருந்து வந்த டீக் சகோதரிகள் என்ற ஓவியர்கள் இந்த நிலைமையைப் பார்த்துவிட்டு, படங்களை விற்றுப் பணம் திரட்டினார்கள். அந்தப் பணத்தில் 1935இல் கபோரில்யா ஊற்றிலிருந்து மிஷனுக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. படம் விற்றால் தண்ணி வரும் என்று கண்ணால் பார்த்த ஊர் அது. 1934இல் ரெக்ஸ் பாட்டர்பீ, ஜான் கார்ட்னர் என்ற இரண்டு வெள்ளை ஓவியர்கள் தாங்கள் அந்தப் பகுதியில் வரைந்த நீர்வண்ணங்களை மிஷன் பள்ளிக்கூடத்திலேயே காட்சிக்கு வைத்தார்கள். நமட்ஜிரா அதுவரை மரப்பலகையில் சூட்டுக்கம்பியால் உருவம் தீய்த்து, சில்லறைக் காசுக்கு விற்றுவந்தவர். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, இதுக்கு என்ன விலை கிடைக்கும் என்று போதகர் ஆல்பிரெக்ட்டிடம் விசாரித்தார் என்று சொல்வார்கள். கலை வரலாற்றுக்காரர்களுக்கு இது கொஞ்சம் சங்கடமான இடம். 'உள்ளொளி', 'தரிசனம்' என்று சொல்ல முடியவில்லை பாருங்கள். எனக்குச் சங்கடம் எதுவும் இல்லை. வயிறு இருக்கிறவன் விலையைத்தான் முதலில் கேட்பான்.

1936இல் பாட்டர்பீ வரைவதற்காகப் பயணம் போனபோது நமட்ஜிரா ஒட்டகக்காரராகக் கூடவே போனார். சம்பளத்துக்குப் பதில் வரையக் கற்றுக்கொடுக்கணும். இரண்டு மாசம், அவ்வளவுதான் பயிற்சி. 1938இல் மெல்போர்னில் தனியாளாகக் கண்காட்சி வைத்தார். 41 படங்கள் மூன்றே நாளில் விற்றுத் தீர்ந்தன.

இரண்டு மாசத்தில் ஒருத்தர் கற்றுக்கொண்டது என்ன? தாளை ஈரமாக்குவது, மெல்லிய வண்ணத்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவது, முன்னால் இருப்பதைச் சூடான நிறத்திலும் தூரத்தைக் குளிர்ந்த நிறத்திலும் வைப்பது. இதெல்லாம் தொழில். நல்ல ஆசிரியர் இருந்தால் யாரும் கற்றுக்கொள்ளலாம். நீர்வண்ணத்தின் சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. எண்ணெய் வண்ணம் மாதிரி இதில் தப்பைத் தப்பின் மேல் பூசி மறைக்க முடியாது. எங்கே வெள்ளை வேண்டுமோ அந்த இடத்தை முதலிலேயே முடிவு செய்து, தொடாமல் விட்டுவிடணும். விட்ட தாள்தான் வெள்ளை. அதிலும் அது பாலைவனம், காற்று தூரிகையிலேயே ஈரத்தைக் குடித்துவிடும். யோசிக்க நேரம் கிடையாது. அப்படியென்றால் வரைகிறவனுக்கு, கை வைக்கும் முன்னாலேயே மலை முழுசும் தெரிந்திருக்கணும்.

அவர் படங்களில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு மரம் உண்டு, 'கோஸ்ட் கம்'. தைல மரத்துக்கு ஒன்றுவிட்ட சொந்தம். பட்டை பால் வெள்ளை. (நம் பக்கத்தில் தைல மரம் என்றால் புறம்போக்கை வளைத்து நட்டு, பக்கத்துக் கிணற்றையெல்லாம் வற்றவைத்த மரம் என்றுதான் ஞாபகம் வரும். அந்த மரத்துக்கும் ஓர் ஊர் இருந்தது, அங்கே அதற்கு ஒரு மரியாதை இருந்தது என்பதையே நமட்ஜிராவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.) அந்த மரத்தை அவர் தாளின் ஓரமாக, பெரிதாக, முன்னால் நிறுத்துகிறார். தண்டின் ஒரு பக்கம் வெறும் தாள். இன்னொரு பக்கத்தில் ஊதாவும் பழுப்புமாக மெல்லிய நிழல். தோல் மடிப்பு, வெட்டுக்காயம், கணு, எல்லாம் தெரியும். மரத்தை இப்படி வரைபவர் மலையைச் சும்மா பின்னணியாக விட்டுவிடுவதும் இல்லை. பாறையின் ஒவ்வொரு வரியும் முன்னால் நிற்கிற புல் மாதிரியே துல்லியமாக இருக்கும். ஐரோப்பிய நிலக்காட்சி விதிப்படி தூரம் மங்கணும். இவரிடம் நிறம் மங்கும், ஆனால் மலை மங்காது. நான் பள்ளிக்கூடத்தில் படித்த விதிப்படி பார்த்தால் இது தப்பு. அந்தத் தப்பில்தான் படமே இருக்கிறது என்று எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது.

ஏன் மங்கவில்லை? அந்த மலை அவருக்குத் தூரத்தில் இல்லை. அரெண்டாக்களுக்கு ஒரு மலை என்பது முன்னோர் நடந்த, படுத்த, செத்த இடம். சோண்டர் மலை என்று வரைபடத்தில் ஒன்று இருக்கிறது. 1872இல் அந்தப் பக்கம் வந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஜெர்மனியிலிருந்த ஒரு தாவரவியல்காரரின் பெயரை அதற்குச் சூட்டினார். அந்த மக்களுக்கு அது ருட்ஜிப்மா. படுத்துத் தூங்குகிற பெண்ணின் உருவம் அதில் தெரியும். நமட்ஜிரா அதை எத்தனையோ தடவை வரைந்திருக்கிறார். நீங்கள் பார்த்தால் மலை. தெரிந்தவர் பார்த்தால் நெற்றி, மார்பு, வயிறு. எங்கே போனாலும் அவர் மிக அதிகமாக வரைந்தது தன் அப்பா வழி நிலத்தையும் அம்மா வழி நிலத்தையும்தான். ஹெர்மன்ஸ்பர்க்குக்கு மேற்கே இருக்கிறது அப்பாவின் பூமி. அம்மா வழியாக வந்தது பாம் பள்ளத்தாக்குப் பக்கம். இஷ்டத்துக்கு எந்த மலையையும் எடுத்து வரைகிற உரிமை அந்தச் சமூகத்தில் யாருக்கும் கிடையாது. பிறப்பு வழியாக, சடங்கு வழியாக வருகிற உரிமை அது. ஆக, நமட்ஜிரா ஒரு மலையை வரைந்தார் என்றால் அது ஒரு பத்திரம் மாதிரி. கீழே கையெழுத்திலும் அதைப் பாருங்கள். ஆரம்பத்தில் 'ஆல்பர்ட்' என்று மட்டும் போட்டவர் பிறகு அப்பாவின் பெயரைச் சேர்த்து 'ஆல்பர்ட் நமட்ஜிரா' என்று போடத் தொடங்கினார்.

இதைப் புரிந்துகொண்ட பிறகு 'ஆள் இல்லை' என்ற என் எரிச்சல் ஆட்டம் கண்டது. அவர் ஆளை எடுக்கவில்லை. மலையே ஆளாக இருக்கிறபோது மலைக்கு முன்னால் தனியாக ஓர் ஆளை நிறுத்தத் தேவையில்லை.

ஆனால் இத்தோடு திருப்திப்பட்டுவிட நான் தயாராக இல்லை. அதே படத்தை மெல்போர்னில் வாங்கிக் கூடத்தில் மாட்டிய வெள்ளைக் குடும்பம் என்ன பார்த்தது? ஆளில்லாத நிலம். ஆளில்லாத நிலம் என்பதுதான் அந்த நாட்டையே பிடுங்கிக்கொள்ளச் சொல்லப்பட்ட சட்டக் காரணம். யாருக்கும் சொந்தமில்லாத பூமி, அதனால் வந்தவன் எடுத்துக்கொள்ளலாம் என்ற அந்தப் பொய்யை ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் மாபோ வழக்கில் உடைத்ததே 1992இல்தான். நமட்ஜிரா "இது என்னுது" என்று எழுதினார். வாங்கியவர் "இது காலி" என்று வாசித்தார். ஒரே பிரதி, இரண்டு வாசிப்பு. அந்தப் படங்கள் அவ்வளவு வேகமாக விற்றதற்கு இந்த இரண்டாவது வாசிப்பும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன். இதை அவர் மேல் குற்றமாக வைக்கவில்லை. தன் எழுத்தை ஆதிக்கம் எப்படி வாசிக்கும் என்பதை ஒடுக்கப்பட்டவன் எப்போதும் கட்டுப்படுத்த முடிவதில்லை.

நம் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். திணைக் கோட்பாட்டைக் காட்டி, 'இயற்கையையும் மனிதனையும் பிரிக்காத மரபு எங்களுடையது' என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். நம்பியகப்பொருள் கருப்பொருளைப் பதினான்காகப் பட்டியல் போடும்போது 'உயர்ந்தோர்' என்று ஒரு வகை, 'அல்லோர்' என்று ஒரு வகை. அதையடுத்துப் பறவை, விலங்கு. நாம் எந்த வகையில் வருவோம் என்று சொல்லத் தேவையில்லை. ஆளைச் சேர்த்துக்கொள்வதாலேயே ஒரு நிலக்காட்சி நியாயமானதாகிவிடாது. எந்த வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று பார்க்கணும். என் வாத்தியார் எடுக்கச் சொன்னார், இலக்கணக்காரர் பறவைக்கு முன்னால் நிறுத்தினார்.

இனி விமர்சகர்கள். அவர் உயிரோடிருந்த காலத்தில் நகரத்துக் கலைப் பெரியவர்கள் அவரை ஒரு வேடிக்கையாகவே பார்த்தார்கள். கருப்பன் ஒருவன் வெள்ளைக்காரன் மாதிரியே படம் போடுகிறானே என்ற வேடிக்கை. தெற்கு ஆஸ்திரேலிய அரசுக் காட்சியகம் 1939லேயே அவரது ஹாஸ்ட்ஸ் பிளஃப் படம் ஒன்றை வாங்கியது. மற்ற பெரிய காட்சியகங்கள் தயங்கி நின்றன. சாதாரண ஜனங்கள் வாங்கினார்கள், அச்சுப் பிரதிகள் வீட்டுக்கு வீடு தொங்கின. அதுவே குற்றமாயிற்று: பிரபலம், ஆகவே மட்டம். 'போலச் செய்தல்' என்ற முத்திரை விழுந்தது. ஒரே மலையைத் திரும்பத் திரும்ப வரைகிறார் என்றார்கள். பிரான்ஸில் செசான் சாந்த் விக்த்வார் மலையைத் திரும்பத் திரும்ப வரைந்தால் அது தேடல், ஆய்வு. அரெண்டாக்காரர் வரைந்தால் சுற்றுலாச் சரக்கு.

இதன் அடுத்த கட்டம் இன்னும் கொடுமை. 1971இல் பாபுன்யா என்ற குடியிருப்பில் ஆதிவாசிப் பெரியவர்கள் தங்கள் சடங்குக் குறிகளைப் புள்ளிகளாலும் வட்டங்களாலும் வரையத் தொடங்கினார்கள். அது உலகப் புகழ் பெற்றது. பெறவேண்டிய கலைதான். உடனே விமர்சனத்தின் தராசு மறுபக்கம் சாய்ந்தது: இதுதான் அசல் ஆதிவாசிக் கலை, நமட்ஜிரா மிஷன் வார்த்த அச்சு. முன்னால் வெள்ளையனைப் போல வரைய முடியுமா என்று கேட்டவர்கள், இப்போது ஏன் வெள்ளையனைப் போல வரைந்தாய் என்று கேட்டார்கள். இந்தக் கேள்வி நமக்குப் பழக்கமான கேள்வி. தலித் ஒருவர் நாவல் எழுதினால் வடிவம் இரவல் என்பார்கள். தன் கதையைச் சொன்னால் அது வாக்குமூலம், இலக்கியம் ஆகாது என்பார்கள். பறையடித்தால் மட்டும் 'ஆகா, அசல்!' என்று முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவார்கள். நாம் எந்தக் கருவியைத் தொடலாம் என்று தீர்மானிக்கிற உரிமையை மட்டும் கடைசிவரை கையை விட்டு விடுவதில்லை. தாளும் தூரிகையும் நீர்வண்ணமும் யாருடைய குலச்சொத்தும் இல்லை. 1990களிலும், நூற்றாண்டையொட்டி 2002இல் கான்பெராவின் தேசியக் காட்சியகம் நடத்திய பெரிய கண்காட்சியிலும்தான் அவரை ஓவியராகவே பார்க்கிற பேச்சு வலுப்பட்டது.

எல்லாப் படமும் நல்ல படம் என்று நான் சொல்லமாட்டேன். சுமார் இரண்டாயிரம் படங்கள் வரைந்தவர். அதில் அவசரத்துக்கு வரைந்ததும் உண்டு, இடது ஓரம் மரம், நடுவில் மலை என்று வாய்ப்பாடாகிப்போனதும் உண்டு. ஆனால் அந்த வாய்ப்பாட்டுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. சம்பாதித்ததைச் சொந்தபந்தத்தோடு பங்கு போட்டுக்கொள்வது அந்தச் சமூகத்தின் விதி. அவருடைய தூரிகையை நம்பி ஏராளமான வாய்கள் இருந்தன. படம் விற்றால் வருமான வரி கட்டணும். வரி கட்டுகிற அந்த ஆள் 1949-50 வாக்கில் மாடு மேய்க்க நிலம் குத்தகைக்குக் கேட்டார், மறுத்தார்கள். 1951இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வீடு கட்ட முயன்றார், அதையும் மறுத்தார்கள். ஆதிவாசி பொழுது சாய்ந்தபின் அந்த நகரத்துக்குள் தங்கக்கூடாது. ஊர்த்தெருவில் மனை வாங்கப்போன நம் ஆட்களிடம் சொல்லிப்பாருங்கள், சிரிப்பார்கள். 1892 முதல் நமக்கென்று எழுதிவைத்த பஞ்சமி நிலத்தைத் திரும்பக் கேட்ட காரணைப் போராட்டத்தில் 1994இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். தன் அப்பன் மலையை ஆயிரம் தடவை வரையலாம். அதன் அடியில் ஒரு குடிசைக்கு இடம் கேட்டால்தான் சட்டம் வரும்.

1954இல் கான்பெராவுக்குக் கூட்டிப்போய் எலிசபெத் ராணி முன்னால் நிறுத்தினார்கள். 1956இல் வில்லியம் டார்கி வரைந்த நமட்ஜிராவின் உருவப்படம் நாட்டின் பெரிய பரிசான ஆர்ச்சிபால்டை வாங்கியது. அவர் முகத்துக்குப் பரிசு, அவர் மலைகளுக்கு இல்லை. 1957இல் வட மாநிலத்தின் 'பாதுகாக்கப்பட வேண்டியவர்' பட்டியலில் ஆதிவாசிகள் ஏறக்குறைய எல்லாரையும் சேர்த்தார்கள். பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். நமட்ஜிராவையும் ரூபினாவையும் விதிவிலக்காக விட்டு, ஓட்டுப் போடவும் சாராயம் வாங்கவும் உரிமை கொடுத்தார்கள். பெற்ற பிள்ளைகளுக்குக் கிடையாது. பங்கு போட்டுச் சாப்பிடுவது அரெண்டா தர்மம், பங்கு போட்டுக் குடித்தால் வெள்ளைக்காரச் சட்டப்படி குற்றம். 1958இல் சக ஓவியர் ஒருவருக்கு மது கிடைக்கச் செய்தார் என்று ஆறு மாசத் தண்டனை. மேல்முறையீட்டில் அது மூன்று மாசமாகி, 1959இல் இரண்டு மாசம் காவலில் இருந்தார். எங்கே தெரியுமா? பாபுன்யாவில். பன்னிரண்டு வருஷம் கழித்து 'அசல் கலை' பிறந்ததாகச் சொல்லப்படும் அதே பாபுன்யா.

படங்களின் கதை அவர் சாவோடும் முடியவில்லை. 1957இல் ஓர் அச்சு நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தப்படி அவருக்கு வந்தது எட்டில் ஒரு பங்கு. 1983இல் அரசு அறங்காவலர், குடும்பத்தைக் கேட்காமலே பதிப்புரிமை முழுசையும் 8,500 டாலருக்கு அந்த நிறுவனத்துக்கே விற்றார். 2017இல்தான், பேரன் பேத்திகள் தலைமுறை போராடி, ஒரு டாலர் விலைக்கு அது நமட்ஜிரா அறக்கட்டளைக்குத் திரும்பி வந்தது. 2029இல் எப்படியும் அந்த உரிமை காலாவதியாகிவிடும். ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குப் பக்கத்தில் அவர் வரைந்து பேர்பெற்ற இரட்டை வெள்ளை மரங்களைப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோது, 2013 தொடக்கத்தில் அவை எரிந்து கிடந்தன. யாரோ வைத்த தீ என்று சந்தேகித்தார்கள். கொள்ளுப்பேரன் வின்சென்ட் நமட்ஜிரா 2020இல் ஆர்ச்சிபால்ட் பரிசை வாங்கினார். அதை வாங்கிய முதல் ஆதிவாசி ஓவியர் அவர்தான். வின்சென்ட் மலை வரைவதில்லை, ஆளைத்தான் வரைகிறார். ராணியை, அரசியல்வாதிகளை, சுரங்க முதலாளிகளை, தன்னை, தன் கொள்ளுத்தாத்தாவை. 2024இல் நாட்டின் பெரும் பணக்காரப் பெண்மணி ஒருவர், தேசியக் காட்சியகத்திலிருந்து தன் உருவப்படத்தை எடுத்துவிடச் சொன்னார். எடுக்கச் சொல்கிற குரல் இப்போது வேறு பக்கத்திலிருந்து வந்தது. அங்கே எடுக்கவில்லை.

எனக்கு ஒரு படம் மறக்கவில்லை. நெருக்கமான ஒரு பள்ளத்தாக்கு, இரண்டு பக்கமும் செங்குத்தாகப் பாறை, அடியில் கொஞ்சம் தண்ணீர். தண்ணீரில் பாறை சிவப்பாக விழுந்திருக்கிறது. ஓரத்தில் ஒரு மரம், தாளாகவே விடப்பட்ட வெள்ளை. அந்த வெள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் ஈரத்துணியால் நான் ஒற்றி எடுத்த இடம் ஞாபகத்துக்கு வரும். அவர் விட்ட இடமும் வெள்ளைதான், நான் அழித்த இடமும் வெள்ளைதான். கிட்டே போய்ப் பார்த்தால் அது வழுவழு, இது நைந்தது.

காவலிலிருந்து வெளியே வந்தபின் அவர் அதிகம் வரையவில்லை. மனசு விட்டுப்போயிருந்தது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பார்க்க வந்த பாட்டர்பீயின் கையில் மூன்று நிலக்காட்சிகளைக் கொடுத்து, இன்னும் வரைந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். 1959 ஆகஸ்ட் 8 அன்று இறந்தார். வயது 57.